வெயில் ஏறுமுன்

மார்ச் மாதக் கடைசியில் லாஹௌல்காரர்களிடம் வழி கேட்டால் தூரம் சொல்ல மாட்டார்கள், மணி சொல்வார்கள். "அந்த நாலாவை ஒன்பதுக்குள்ள தாண்டிடுங்க." பத்து மணிக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டால், நாலாவின், அதாவது ஓடையின், மேல்பக்கத்தைக் கையால் காட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். கை காட்டிய இடத்தில், உச்சியிலிருந்து சாலைவரை மரம் மட்டை எதுவுமில்லாத நீண்ட வெண்பட்டை ஒன்று இறங்கியிருக்கும். அதன் ஓரங்களில் நிற்கும் போஜ்பத்ர மரங்கள் அத்தனையும் பள்ளத்தாக்கைப் பார்த்து வளைந்திருக்கும். எத்தனையோ வருடப் பனி அவற்றை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. மரங்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை தேவையில்லை.

மணாலிக்கு வடக்கே, பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருப்பது லாஹௌல். சந்திரா ஆறும் பாகா ஆறும் தாண்டி என்ற ஊரில் கூடுகின்றன. கீழே போகப்போக அதற்குச் செனாப் என்று பெயர். நான் தங்கியது சந்திராவின் வலக்கரையில், 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிஸ்ஸு கிராமத்தில். பனி விழுவதைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். எனக்கு அது போவதைப் பார்க்க ஆசை.

பனிச்சரிவு என்றதும் நம் கண்முன் வருவது சினிமாவில் பார்த்தது: ஒரு சத்தம், உடனே மலையே வெண்புகையாகக் கிளம்பி வருவது. அது நடுக்குளிர்காலத்து உலர்பனிச் சரிவு. மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதற்கு முன்னால் ஓடிவரும் காற்றே கூரைகளைப் பிய்த்துவிடும். (சத்தம் போட்டால் பனி சரியும் என்பதும் சினிமா சொன்னதுதான். மனிதக் குரலுக்கு அந்தச் சக்தி கிடையாது.) வசந்தத்தில் வருவது வேறு ரகம். ஈரம் ஏறிய பனி புகையாது. ஓடைவழியே தரையோடு தரையாக, மண்ணையும் கல்லையும் வேரோடு மரத்தையும் வாரிக்கொண்டு, பல நேரம் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும். ஓடித் தப்பிவிடலாம் என்று தோன்றும். தோன்றுவதோடு சரி. புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கனமீட்டர் 100 கிலோ இருந்தாலே அதிகம். ஈரச்சரிவு குவித்துவிட்டுப் போவது கனமீட்டருக்கு அரை டன் வரும். நின்ற சில நிமிடங்களிலேயே இறுகியும் விடும். ஊருக்கு முன்னால் சாலையோரம் கிடந்த அப்படியொரு குவியலில், அங்கிருந்த மண்வெட்டியை வாங்கி ஓங்கிப் போட்டுப் பார்த்தேன். விரற்கடை ஆழம்தான் இறங்கியது. அதற்குள் ஒரு ஆள் இருந்தால் என்ற எண்ணம் வந்ததும் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் தங்கிய வீட்டுக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். உருளைக்கிழங்கும் பட்டாணியும் போடுகிறார். மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறார். நான் 'பாய்சாப்' என்றேன். அவருக்கு நான் 'சார்ஜி'. இரவு சாப்பாடு முடிந்ததும் மனிதர் தவறாமல் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். முந்தின இரவு பார்த்துவிட்டு, "நாளைக்கு எங்கேயும் வேண்டாம், தூங்குங்க" என்றிருந்தார். அன்று மேகம். இன்று பார்த்துவிட்டு, "நட்சத்திரம் இருக்கு சார்ஜி. நாலரைக்கு எழுப்பறேன்" என்றார்.

இரண்டு இரவும் குளிரில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பனிக்குத் தெரிந்திருக்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தைப் பனிப்பரப்பு இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் போனது போனதுதான். காற்று 2 டிகிரியில் இருந்தால்கூடப் பனியின் மேல்தோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். நேற்று உருகியது உருகியபடியே விடியும், அதன்மேல் இன்றைய வெயிலும் சேரும். வெப்பமானியைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பது மேல் என்பதை யாரும் அவருக்குப் பாடமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். கையில் இரும்புப் பூண் போட்ட தடி. வயல்களும் வேலிகளும் இருந்த இடம் எல்லாம் ஒரே தளம். அதன்மேல் பூட்ஸ் தடம்கூடப் பதியவில்லை. இதே இடத்தில் முந்தின நாள் மதியம் முழங்கால் புதைய நடந்து மூச்சு வாங்கியிருந்தேன். அவர் குனிந்து தடியால் மேல்தோலை உடைத்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். வேகவைக்காத ஜவ்வரிசிபோல் உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் உதிர்ந்தது. உருகி உறைந்து, உருகி உறைந்து, பல நாள் பழகிய பனி இப்படித்தான் ஆகும். ஸ்கீ போடுகிறவர்கள் இதற்காகவே வசந்தத்தில் மலையேறுகிறார்கள்.

முதலில் கிழக்கு பார்த்த சரிவுகளில் வெயில் விழுந்தது. பிறகு, சாலைக்கு மேலே தெற்கு பார்த்து நிற்கும் சரிவுகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பீர் பஞ்சாலின் வடக்கு முகம், நிழலிலேயே இருந்தது. "அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றார், ஏதோ பரீட்சைத் தேதியைச் சொல்வதுபோல அலட்சியமாக.

ஒன்பது மணிக்கு மறுபடி ஒரு பிடி அள்ளினார். இப்போது கையில் உருண்டையாகப் பிடிபட்டது. பாறைகளின் அடியிலிருந்து எலுமிச்சை அளவுப் பனியுருண்டைகள் தாமாகக் கழன்று, உருளும்போதே பெருத்து, சரிவில் கோடு கிழித்துக்கொண்டு வந்து நின்றன. பார்க்க அழகாக இருந்தது. நான் போனை எடுத்தேன். அவர் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். வழியில் இன்னொரு பிடி. இம்முறை அமுக்கியதும் விரல் நடுவே தண்ணீர் சொட்டியது. கால் கணுக்கால்வரை போனது, பிறகு ஆடுதசைவரை. இந்த மூன்று பிடிப் பனியில் பனிச்சரிவு விஞ்ஞானத்தில் பாதி அடங்கிவிடுகிறது என்று பிறகு படித்தபோது தெரிந்தது.

கொஞ்சம் நீர் பனித்துகள்களை ஒட்டிவைக்கும். அதனால்தான் ஒன்பது மணிக்கு உருண்டை பிடிக்க முடிந்தது. துகளிடை நீர் பனியின் பருமனில் 7, 8 சதவீதத்தைத் தாண்டும்போது ஒட்டு விட்டுப்போகிறது, நீர் கீழ்நோக்கி ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீர் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் ஆபத்து. நடுவில் ஒரு பழைய பனிக்கட்டித் தகடு இருந்தால் அதன்மேல் தேங்கி வழுக்கும். இந்தப் பக்கத்து மலைகளில் அதைவிட மோசமான ஒன்று அடியில் காத்திருப்பதுண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் பனியடுக்கு மெல்லிதாக இருக்கும்போது, தெளிந்த குளிர் இரவுகளில், தரையை ஒட்டிய துகள்கள் பட்டை தீட்டியதுபோன்ற பெரிய படிகங்களாக மாறிவிடும். அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. அதன்மேல் மூன்று மாதப் பனி ஏறி அமர்ந்திருக்கும். மார்ச் மாதத் தண்ணீர் முதன்முறையாக அந்தப் படுகையைத் தொடும்போது, மேலே உள்ளது மொத்தமாகத் தரையோடு பெயர்ந்துவிடலாம். அதனால் ஆண்டின் முதல் நீண்ட வெப்ப நாட்கள்தான் பொல்லாதவை. அதற்குப் பிறகு, பனிக்குள் நீர் தனக்கென வழிகள் அமைத்துக்கொண்டு வடியக் கற்றுக்கொள்கிறது, பனியும் அமர்கிறது. சரிவின் கோணமும் சேரவேண்டும்: 30 டிகிரிக்குக் குறைந்தால் பெரும்பாலும் கிளம்பாது, 45-க்கு மேல் போனால் பனி அவ்வளவு தங்குவதே இல்லை. நடந்து ஏற வசதியாகவும் பார்வைக்குச் சாதுவாகவும் தெரியும் சரிவுகள் பல இந்த இரண்டுக்கும் நடுவில் வருபவை.

பதினொன்றரை இருக்கும். மொட்டைமாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். முதலில் கேட்டது கற்கள் உரசும் ஓசை. லாரியில் ஜல்லி கொட்டுகிறார்களோ என்று சாலையைப் பார்த்தேன். ஊருக்கு மேற்கே உள்ள ஓடையில் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று நகர்ந்து வந்தது. பாய்ந்தது என்று எழுத ஆசைதான். அது வளைவுகளில் திரும்பி, தடுத்த பாறையைச் சுற்றி, பின்னால் வருவது முன்னால் நிற்பதைத் தள்ள, விட்டு விட்டு வந்தது. சாலைக்குச் சற்று மேலே நின்றது. வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "கிளேசியர் வந்திடுச்சு. சின்னதுதான்" என்றார். அந்த ஊரில் சரிந்து கிடக்கும் பனிக்கும் கிளேசியர் என்றே பெயர்.

கீழே வயலில் அவர் மனைவி முறத்திலிருந்து மண்ணை அள்ளிப் பனியின்மேல் வீசிக்கொண்டிருந்தார். இலையுதிர் காலத்திலேயே காய்ந்த மண்ணை எடுத்துக் கொட்டிலில் சேர்த்துவைப்பார்களாம். சுத்தமான புதுப்பனி, தன்மேல் விழும் வெயிலில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி எறிந்துவிடும். கறுத்த மண் வெயிலைக் குடித்துச் சுற்றியுள்ள பனியைச் சீக்கிரம் கரைக்கும்; விதைப்பு சில நாட்கள் முன்னுக்கு வரும். ஆண்டுக்கு ஒரே போகம் விளையும் நிலத்தில் சில நாட்கள் பெரிய விஷயம். இதே காரியத்தை மேலே மலையிலும் யாரோ செய்கிறார்கள்: பாலைவனங்களிலிருந்து காற்று கொண்டுவரும் தூசி பனிமேல் படிந்து உருகலை வேகப்படுத்துகிறது. வயலில் வேண்டும் என்று மண் தூவுகிறவர்கள், ஓடைக்கு மேலே பனி மங்கலாகத் தெரிந்தால் முகம் சுளிக்கிறார்கள்.

பெரியவருக்கு ரோதாங் கணவாயைக் கால்நடையாகக் கடந்த காலம் நன்றாக நினைவிருக்கிறது. 3,978 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய் மூடினால் அப்போது லாஹௌல் ஏறத்தாழ அரை வருடம் உலகத்திலிருந்து துண்டிக்கப்படும். அவசரமென்றால் அரசாங்க ஹெலிகாப்டர்; அதில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கால்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் கோக்சரிலும் அந்தப் பக்கம் மட்ஹியிலும் அரசு மீட்பு முகாம் போடும். "கோக்சர்ல படுத்து, நடுராத்திரிக்கு மேல கிளம்புவோம். உச்சியில வெயில் படறதுக்குள்ள அந்தப் பக்கம் இறங்கணும்." பள்ளிப் பிள்ளைகள், தபால்காரர், பிரசவத்துக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அதே கணக்கு. தாமதமானவரை மறுநாளுக்கு நிறுத்திவைப்பார்கள், வாதாடினாலும் விடமாட்டார்களாம்.

கணக்கு எப்போதும் காப்பாற்றவில்லை. 1979 மார்ச்சில் லாஹௌலில் விடாமல் கொட்டிய பனிக்குப் பிறகு வந்த சரிவுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது அவர் வடக்குப் பக்கம் பார்த்துவிட்டு, எங்கள் தெருவில் வீடுகள் ஏன் இப்படி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே மேட்டில் இருக்கின்றன என்று யோசித்தீர்களா என்றார். இரண்டு ஓடைகளுக்கு நடுவிலிருக்கும் புடைப்பில்தான் பழைய வீடுகள் எல்லாம். ஓடைகள் விரிந்து பரவும் சமதரையை வயலுக்கு விட்டுவிட்டார்கள். வயலைப் பனி மூடினால் வசந்தத்தில் தோண்டிக்கொள்ளலாம்.

2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறந்தது. 9.02 கிலோமீட்டர். ரோதாங்குக்கு அடியில், குளிர்காலத்திலும், பத்துப் பதினைந்து நிமிடங்களில் மணாலிப் பக்கத்திலிருந்து லாஹௌலுக்கு வந்துவிடலாம். நோயாளிகள் பிழைக்கிறார்கள், பட்டாணி அழுகுவதில்லை. அதற்குக் குறைசொல்ல எனக்கு நாக்கில்லை. தெற்கு வாயிலுக்குப் போகும் சாலையில், சரிவு வரும் இடங்களில் கான்கிரீட் கூரை போட்டு, பனி மேலே போக வண்டி கீழே போகும்படி கட்டியிருக்கிறார்கள். வடக்கே வெளியே வந்ததும் கூரை இல்லை. சந்திராவின் பாலத்தைத் தாண்டினால் தெற்கு பார்த்த சரிவுகளின் காலடியில்தான் சாலை. அங்கே பழைய ஆட்கள் வயலுக்கு விட்ட சமதரையில் இப்போது மேகி கடை, பனி ஸ்கூட்டர், கூடாரம்.

சுரங்கத்தைத் தாண்டிய ஒரு திருப்பத்தில் பனி அள்ளும் இயந்திரம் நின்றிருந்தது. அதன் நிழலில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் போன் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "ஊர்ல இருந்தா வாறீங்க?" எல்லைச் சாலை அமைப்பில் பல வருடமாக இருப்பவர், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அண்ணாச்சி என்று கூப்பிட்டதில் அவருக்குச் சந்தோஷம்.

"விடியக்காலைல பனியை வெட்டிரணும் சார். வெயிலு ஏறிட்டுன்னா ரெண்டு ஆளு வேலை. ஒருத்தன் மெஷினை ஓட்டுவான், இன்னொருத்தன் மேல மலையையே பாத்துக்கிட்டு நிப்பான். அவன் விசில் அடிச்சான்னா மெஷினை அப்படியே போட்டுட்டு ஓடிரணும். மெஷின் அரசாங்கத்துது, உசுரு நம்மளுது."

அவரிடம் மானாவைப் பற்றி விசாரித்தேன். 2025 பிப்ரவரி 28 அன்று, உத்தராகண்டில் பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மானாவில், சாலைத் தொழிலாளர் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்களைச் சரிவு புரட்டிப்போட்டது. 54 பேரில் 46 பேரை மீட்டார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். அது நடந்தது காலையில். "அது வேற சார்" என்றார். "பனி கொட்டிக்கிட்டு இருக்கும்போது மணியும் கிடையாது, கிழமையும் கிடையாது. கொட்டி முடிஞ்சு ரெண்டு நாளைக்கு எவன் சொன்னாலும் வெளிய வரக்கூடாது. நான் சொல்றது வெயில் நாளைக்கு." ஏட்டில் புயல்பனிச் சரிவு, ஈரப்பனிச் சரிவு என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பதை அவர் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி முடித்தார்.

பிறகு அவராகவே சியாச்சின் பேச்சை எடுத்தார். இந்த வேலையில் இருக்கும் தமிழர்கள் எல்லாரும் அந்த வாரத்தை டிவி முன்னால் கழித்திருக்கிறார்கள். 2016 பிப்ரவரி 3. 19,600 அடி உயரத்துச் சோனம் சாவடி. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் இருந்த முகாம். புதைந்த பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள்; பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். அங்கே இறங்கியது ஈரப்பனி அல்ல, பெரும் பனிக்கட்டிச் சுவர். ஆனாலும் ஆறு நாள் என்பது மருத்துவர்களே வியந்த விஷயம். சுவிட்சர்லாந்துக் கணக்குப்படி, புதைந்தவரை முதல் 15 நிமிடங்களுக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். அதனால்தான் குல்மார்க்கில் பாதை விட்டுப் போகும் ஸ்கீக்காரர்கள் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் சிறு கருவியை மார்பில் கட்டிக்கொள்கிறார்கள். கூடவே மடக்குக் கம்பியும் மண்வெட்டியும். புதைந்தவனைத் தேட வெளியிலிருந்து ஆள் வர நேரமிருக்காது, பக்கத்தில் நிற்பவன்தான் தோண்டவேண்டும். சிஸ்ஸுவில் நான் பார்த்த ஒருவரிடமும் இவை இல்லை. ஓடையின் வாயில் நின்று செல்ஃபி எடுப்பதற்கு யார் மார்பில் கருவி கட்டிக்கொள்வார்கள்?

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1969-இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020-இல் வேறொரு ஆய்வகத்தோடு இணைந்து இப்போது பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனமாக இருக்கிறது. குளிர்காலத்தில் மாவட்டவாரியாக, இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் இன்ன நிறம் என்று அறிவிப்பு வரும்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பயனுள்ள வேலை. ஆனால் மஞ்சள் நிறத்துக்குள் காலை ஆறு மணியும் பகல் ஒரு மணியும் சேர்ந்தே இருக்கின்றன. நிறத்தை நாளிதழில் போடலாம்; எந்த ஓடை, எந்த மணி என்பதை அந்த இடத்தில் பனியைக் கையில் பிடித்துத்தான் சொல்லமுடியும்.

2023 ஏப்ரல் 4-ஐ நினைத்துப் பாருங்கள். சிக்கிமில், காங்டோக்கிலிருந்து நாதூ லா போகும் ஜவாஹர்லால் நேரு சாலை. சுற்றுலாப் பயணிகளுக்கு 13-ஆவது மைல்வரைதான் அனுமதி. பலர் 15-ஆவது மைல்வரை போய்விட்டார்கள். நண்பகல் வாக்கில் சரிவு வந்தது. ஏழு பேர் இறந்தார்கள். எல்லையைத் தாண்டினார்கள் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள், சரிதான். நண்பகல் என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதவில்லை. விடுதியில் எட்டரைக்குக் காலைப் பலகாரம், ஒன்பதரைக்கு வண்டி, பதினொன்றரைக்குப் பனி என்பது சிக்கிமிலும் மணாலியிலும் எல்லாப் பயண ஏஜென்சிகளின் அச்சடித்த நிரல். மலையில் வெயில் தன் வேலையை முடித்து வைத்திருக்கும் நேரத்துக்குச் சரியாக வண்டி போய் நிற்கிறது.

நான் ஊர் திரும்பிய அன்று வீட்டுக்காரர் இருட்டிலேயே எழுப்பி அனுப்பிவைத்தார். சுரங்கம் காலியாக இருந்தது. தெற்குப் பக்கத்துக் கூரைச் சாலையில் பனி இறுகி, டயருக்கடியில் நொறுங்கியது. பல்சான் வந்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. பனிக்கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு விடும் கடைகள் வரிசையாக, எண் போட்ட பலகைகளோடு, ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. ஆரஞ்சும் நீலமுமாகக் கோட்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த பையனிடம் தேநீர்க்கடை எங்கே என்று கேட்டேன். நான் மலைக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டான். "இப்பவே எதுக்கு அங்கிள்? போனா ஒண்ணும் இருக்காது. பனி கல்லு மாதிரி கிடக்கும், குழந்தைங்க சறுக்க முடியாது. டீ குடிச்சிட்டு நிதானமா, பத்தரைக்கு மேல கிளம்புங்க. அப்பதான் மெத்துனு இருக்கும்" என்றான். பிறகு என் காலைப் பார்த்து, எட்டாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்து வெளியே வைத்தான்.